நெய்யாற்றில் ரெண்டு வழிகாட்டிகள்

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஏர்போர்ட் என்றால் திருவனந்தபுரம்தான். மஸ்கட்டில் ராத்திரி ஏறினால் விடியும்போது இறங்கிவிடலாம். பெட்டிகளை டாக்ஸியில் ஏற்றி, நெய்யாற்றின்கரை, பாறசாலை தாண்டி, களியக்காவிளையில் எல்லையைக் கடந்ததும் ஒரு சாயா. அப்புறம் வீடு. பல வருஷமாக இதே கதைதான். திருவனந்தபுரத்தை நாங்கள் வாசற்படி மாதிரி மிதித்துத் தாண்டியிருக்கிறோமே தவிர, அங்கே ஒரு நாள் முழுசாக இருந்ததில்லை.

இந்த டிசம்பர் லீவில் அதற்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. அப்பாவுக்குக் கண் பரிசோதனை இருந்தது. குமரி மாவட்டத்தில் பாதிப் பேருக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றாலும் திருவனந்தபுரம்தானே! பரிசோதனை முடிந்த மறுநாள் சும்மாதான் இருந்தோம். தங்கமணி எங்கேயோ தேடி ஒரு பேக்கேஜைப் பிடித்து வைத்திருந்தார். காலையில் பூவாறில் ரெண்டு மணி நேரம் படகு, அப்புறம் கடற்கரை, மத்தியானச் சாப்பாடு, சாயங்காலம் இயற்கை வைத்திய நிலையம் ஒன்றில் மண் குளியல். கூடவே வழிகாட்டி ஒருத்தர். மகளுக்கு 14, மகனுக்கு 9. அப்பாவுக்கு 78. "நானும் வாறேன், ரூம்ல இருந்து என்ன செய்ய?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பாவும் கிளம்பிவிட்டார்.

பூவாறு நகரத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். போகிற வழியில் விழிஞ்ஞம். 2025 மே மாதம் திறந்து வைத்த புதுத் துறைமுகத்தின் கிரேன்கள் தூரத்திலிருந்தே தெரிகின்றன. அந்தத் துறைமுகத்தால் கரை அரிக்கிறது என்று 2022-ல் மீனவர்கள் நூறு நாளுக்கு மேல் போராடியதும் இதே இடத்தில்தான். பையன் கிரேன்களை எண்ணிக்கொண்டே வந்தான்.

படகுத்துறையில் கால் வைத்ததுமே எனக்குள் இருக்கிற கடன் பிரிவு ஆபீசர் முழித்துக்கொண்டார். படகில் பதிவு எண் எங்கே எழுதியிருக்கு? எத்தனை பேருக்கு அனுமதி? ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் இருக்கா? குழந்தை சைஸில் லைஃப் ஜாக்கெட் இருக்கா? "ஆரம்பிச்சாச்சா? லோன் குடுக்கப் போறீங்களா, படகுல போகப் போறீங்களா?" என்றார் தங்கமணி. சிரிக்கட்டும். கேரளத்து நீர்நிலைகளில் நடந்ததை நான் மறக்கவில்லை. 2002-ல் குமரகம் படகு விபத்தில் 29 பேர். 2007-ல் தட்டேக்காட்டில் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக 18 பேர். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர், அதில் நம்ம தமிழ்நாட்டு ஆட்களும் உண்டு. 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர். தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். எங்கள் படகோட்டி கோபப்படாமல் எல்லாவற்றையும் காட்டினார். "இப்போ எல்லாரும் கேட்கணும் சாரே, கேட்டாத்தான் நல்லது" என்றும் சொன்னார். அவர் எல்லைப் பக்கத்துக்காரர். அவர் பேசுவதில் எது தமிழ், எது மலையாளம் என்று பிரிக்க முடியாது. எங்கள் ஊர்ப் பேச்சும் அப்படித்தான்.

படகு கிளம்பியது. ரெண்டு பக்கமும் தென்னை, நடுநடுவே தாழம்புதர், வேர் தெரியும் கண்டல் செடிகள். வழிகாட்டிப் பையன் சுறுசுறுப்பு. அங்கே பாருங்க மீன்கொத்தி, இங்கே பாருங்க நீர்க்காகம், அதோ யானைப்பாறை, அந்தப் பாறை மேலே மாதா சிலை என்று காட்டிக்கொண்டே வந்தான். பிள்ளைகள் போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். அரை மணி நேரம் வரைக்கும் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார்.

"மக்ளே, இந்த ஆறு எங்கேருந்து வருது தெரியுமா?"

தெரியாது என்று ரெண்டும் தலையாட்டின. "அகத்தியர் மலையிலேருந்து. அந்த மலைக்கு அந்தப் பக்கம் விழுந்த மழை தாமிரபரணியாப் போவுது. இந்தப் பக்கம் விழுந்தா நெய்யாறு."

இதைக் கேட்டு வழிகாட்டிப் பையனே திரும்பிப் பார்த்தான். உண்மைதான். அகத்தியமலை 1,868 மீட்டர் உயரம். அதன் கிழக்குச் சரிவில் பிறந்து திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் சோறு போடுகிற தாமிரபரணி வங்கக் கடல் பக்கம் போகிறது. மேற்குச் சரிவில் பிறந்த நெய்யாறு 56 கிலோமீட்டர் மட்டும் ஓடி, நாங்கள் போய்க்கொண்டிருந்த இந்தப் பூவாறில் அரபிக் கடலைச் சேர்கிறது. "அப்போ ரெண்டும் ட்வின்ஸா தாத்தா?" என்றான் பையன். அப்பாவுக்கு அந்த வார்த்தை புரியவில்லை. மகள் "இரட்டைப் பிள்ளை" என்று மொழிபெயர்த்தாள். அப்பா சந்தோஷமாகத் தலையாட்டினார்.

கொஞ்ச தூரத்தில் படகு ஒரு குறுகலான வாய்க்காலுக்குள் நுழைந்தது. மேலே மரங்கள் கூடிக் கூரை போட்டிருந்தன. வழிகாட்டி "அமேசான் மாதிரி இல்லையா?" என்றான். அப்பா கிழக்கே கையைக் காட்டி, "ஏ.வி.எம். கால்வாய் இங்கேதான தொடங்குது தம்பி?" என்று படகோட்டியிடம் கேட்டார். "அதே, அதே" என்றார் அவர்.

"சினிமா கம்பெனியா தாத்தா?" இது மகள்.

சிரித்து முடித்த பிறகு நான்தான் விளக்கினேன். அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். அனந்தன் என்பது திருவனந்தபுரத்தில் பள்ளிகொண்ட சாமி, விக்டோரியா லண்டனில் இருந்த ராணி, மார்த்தாண்டம் திருவிதாங்கூர் ராஜா. மூணு பேரையும் சமாதானப்படுத்துகிற மாதிரி ஒரு பெயர் :-) 1860-ல் தொடங்கிய வேலை. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் வள்ளத்திலேயே போகலாம் என்பது திட்டம். பூவாறிலிருந்து தேங்காப்பட்டணம், குளச்சல், மண்டைக்காடு வரை வெட்டினார்கள். கன்னியாகுமரி போய்ச் சேரவில்லை. அப்பாவின் அப்பா கதம்பையை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு இந்த வழியாக வந்திருக்கிறாராம். இத்தனை வயசில் எனக்கே இது புதுச் செய்தி. இன்றைக்கு நம்ம பக்கம் கால்வாயின் பெரும்பகுதி தூர்ந்தும் ஆக்கிரமிப்பிலும் கிடக்கிறது. 2016-ல் வந்த தேசிய நீர்வழிச் சட்டத்தின் பட்டியலில் 13-ஆம் எண்ணாக இதன் பெயர் இருக்கிறது, சுமார் 11 கிலோமீட்டர் நீளத்துக்கு. பட்டியலில் இருப்பதும் வள்ளம் ஓடுவதும் வேறு வேறு என்பது வங்கியில் வேலை செய்கிற யாருக்கும் தெரியும்.

முகத்துவாரம் வந்தது. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், நடுவே தங்க நிறத்தில் மணல் திட்டு. எங்கள் பக்கம் இதற்குப் பொழி என்று பெயர். மழைக்காலத்தில் ஆறு பொங்கிப் பொழியை உடைத்துக்கொண்டு கடலில் போகும். தண்ணீர் குறைந்தால் கடல் மணலைத் தள்ளி மறுபடியும் மூடிவிடும். நாங்கள் போன அன்றைக்கு ஒரு ஓரத்தில் மட்டும் சின்னதாகத் திறந்திருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இவ்வளவு வெள்ளமும் கடலுக்குப் போவுதே" என்றார் அப்பா. எங்கள் ஊரில் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? எங்கள் ஊர் விளவங்கோடு தாலுகா. 1956 நவம்பர் 1 வரைக்கும் அதுவும் திருவிதாங்கூர்-கொச்சிதான். அன்றைக்குத்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழ்நாட்டோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனது. அப்பாவுக்கு அப்போது 9 வயசு. நெய்யாற்றின்கரை தாலுகாவையும் கேட்டுப் போராடினார்கள், அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆறும் அணையும் அந்தப் பக்கம், எங்கள் ஏலா இந்தப் பக்கம். (ஏலா என்றால் வயல்வெளி. மற்ற மாவட்டத்துக்காரர்கள் குறித்துக்கொள்ளவும்.)

கோடு போட்ட பிறகும் நெய்யாறு அணையிலிருந்து இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோட்டுக்குத் தண்ணீர் வந்தது. அப்பாவின் வாலிபம் முழுக்க அந்தத் தண்ணீரில்தான் நடவு. 2004-ல் அது நின்றது. நெய்யாறு முழுக்கத் தங்கள் மாநிலத்து ஆறு என்பது கேரளத்தின் வாதம். இது மாநிலங்களுக்கு இடையிலான ஆறு, எங்களுக்கும் உரிமை உண்டு என்பது தமிழ்நாட்டின் வாதம். 2012-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. கோர்ட்டில் யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நான் வக்கீல் இல்லை. எங்கள் ஏலாவில் நெல் போய் வாழை வந்தது, வாழை போய் மரச்சீனி வந்தது, பல இடத்தில் ரப்பர் நிற்கிறது. அது மட்டும் எனக்குத் தெரியும்.

படகோட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "வேனல் வந்தா இங்கேயும் கஷ்டம்தான் அப்பா. ஆத்துல வெள்ளம் குறைஞ்சா கடல் மேலே கேறும். எங்க வீட்டுக் கிணறே உப்பாயிடும்." அப்பா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அது சரிதான் தம்பி, உங்களுக்கும் வேணும்லா" என்றார். இத்தனை வருஷத் தகராறில் இப்படி ஒரு வாக்கியத்தை யாராவது பேசியிருப்பார்களா தெரியவில்லை.

கடற்கரையில் இறங்கினோம். குளிக்கக் கூடாது என்று வழிகாட்டி கறாராகச் சொல்லிவிட்டான். பையனுக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனால் அவன் சொன்னது நியாயம். இங்கே மணல் சரிவு திடீரென்று இறங்குகிறது. முழங்கால் அளவில் நிற்கிறவன் அடுத்த எட்டில் கழுத்தளவுக்குப் போய்விடுவான். ஆறு கடலில் விழுகிற இடத்தில் இழுப்பும் ஜாஸ்தி.

குளியல் இல்லாத குறையை அப்பா தீர்த்து வைத்தார். தூரத்தில் கரைமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் அரைவட்டமாக வலையை விட்டு, ரெண்டு முனையையும் கரையில் நின்று இழுப்பது. பையனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். இங்கிருந்து தெற்கே பொழியூர், அதைத் தாண்டினால் நீரோடி. நீரோடியில் தமிழ்நாடு ஆரம்பம். கரையில் நின்று பார்த்தால் கோடு எதுவும் தெரியாது. அதே மணல், அதே வலை, அதே மாதா கோயில்கள். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது இந்தக் கரை முழுக்க, ரெண்டு மாநிலத்துப் பெண்களும் கடலைப் பார்த்துக் காத்திருந்தார்கள். அதைப் பிள்ளைகளிடம் நான் சொன்னேன். மகள் அதற்கப்புறம் கொஞ்ச நேரம் போட்டோ எடுக்கவில்லை.

சாப்பாடு முடிந்து மூணு மணிக்கு மண் குளியல். மண் எங்கேயிருந்து வருகிறது என்று அந்த நிலையத்து அம்மா விளக்கினார். உரமும் மருந்தும் படாத மண்ணை மூணு நாலு அடி ஆழத்திலிருந்து எடுத்து, வெயிலில் காயவைத்து, கல்லும் வேரும் போகச் சலித்து, முந்தின நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறவைப்பார்களாம். உடம்பு முழுக்கப் பூசி, இளவெயிலில் காய விட்டு, கழுவிவிட வேண்டும். காந்திக்கு இதில் பெரிய நம்பிக்கை. அடால்ஃப் ஜஸ்ட் என்ற ஜெர்மானியர் எழுதிய புத்தகத்தைத் தென்னாப்பிரிக்காவில் படித்துவிட்டு, வயிற்றில் ஈர மண் கட்டிப் பார்த்ததைச் சுயசரிதையிலேயே எழுதியிருக்கிறார். நோய் தீருமா என்று என்னிடம் கேட்காதீர்கள். வெயிலுக்கு இதமாக இருந்தது, தோல் மெத்தென்று ஆனது. அவ்வளவுக்குத்தான் நான் சாட்சி.

பிள்ளைகள் ரெண்டும் சேற்றில் எருமைக் கன்றுகள் மாதிரி ஆகிவிட்டார்கள். அப்பா மட்டும் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். "நீங்களும் வாங்கப்பா" என்றேன்.

"நாப்பது வருஷம் தொளியிலதான நின்னேன்? அப்போ யாரும் துட்டு கேக்கல்ல" என்றார்.

தொளி என்றால் நடவுக்கு முன் உழுது கலக்கிய சேறு. அந்த அம்மா உட்பட எல்லோரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. கிண்ணத்திலிருந்து கொஞ்சம் மண்ணை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். "நல்ல மண்ணுதான். நம்ம ஏலா மண்ணு இதைவிட நைசு" என்றார். கொஞ்சம் கழித்து, யாரையும் பார்க்காமல், "மண்ணடிச்சு நிரத்துறவனுக்கு மட்டும் குடுக்காதீங்க. நடுறவன் யாராவது வந்தா குடுங்க" என்றார்.

இதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். ஏலாவில் எங்களுக்கு 60 சென்ட் இருக்கிறது. அப்பா, நான், தம்பி மூணு பேர் பேரிலும் கூட்டுப் பட்டா. ரெண்டு வருஷமாக விற்கிற பேச்சு. வீட்டு மனை போடுகிற ஒருத்தர் நல்ல விலை சொல்கிறார். நட நினைப்பவர் அதில் பாதிகூடத் தர மாட்டார். தம்பிக்குப் பெண் கல்யாணம் இருக்கிறது. இந்த லீவில் நான் பவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. ரெண்டு வருஷமும் அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. "உங்க இஷ்டம்" என்பதோடு சரி. அன்றைக்கு அந்தக் கிண்ணத்து மண்தான் அவரைப் பேச வைத்தது.

ஆபீஸில் கூட வேலை செய்கிற ஒருத்தர் துருக்கியில் டால்யான் என்ற ஊருக்குப் போய் வந்து சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. அங்கேயும் இதே மாதிரி ஒரு நாள் சுற்றுலாதான். நாணல் நடுவே ஆற்றில் படகு, மண் குளியல், கடைசியில் இஸ்துசு என்ற கடற்கரை. 1980களில் அந்தக் கடற்கரையில் பெரிய ஹோட்டல் கட்டப் பார்த்தார்கள். ஆமை முட்டையிடுகிற இடம் என்று சொல்லிப் பலர் எதிர்த்து அதை நிறுத்தினார்கள். முட்டையிடும் காலத்தில் ராத்திரி மனிதர்களுக்கு அங்கே அனுமதி கிடையாது. ஆமை பிழைத்தது, ஊரும் பிழைக்கிறது. யாரோ ஒருத்தர் "இதை மட்டும் செய்யாதீங்க" என்று சொன்னதால்தான் இன்றைக்குப் பார்ப்பதற்கு அங்கே ஏதோ மிச்சம் இருக்கிறது.

பி.காம். படிக்கும்போது கட்டடத்துக்குத் தேய்மானம் போடுவோம், மிஷினுக்குப் போடுவோம், நிலத்துக்கு மட்டும் போட மாட்டோம். அதற்கு ஆயுள் முடிவதில்லை என்பது காரணம். சரளைக் கல் லாரி லாரியாக இறங்கிய ஏலாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நிலத்துக்கும் ஆயுள் முடியும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். என்.ஆர்.ஐ.யாக இருக்கும்வரை விவசாய நிலம் நமக்கு வாரிசாக வரலாம், நாம் விற்கவும் செய்யலாம். ஆனால் விலைக்கு வாங்க ஃபெமா விதிகளில் பொதுவாக இடமில்லை. ஒரு தடவை கைவிட்டுப் போனால், மனசு மாறி மறுபடி வாங்குவது அவ்வளவு சுலபமில்லை.

பூவாறு போக நினைக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலை ஏழு, எட்டு மணிக்கே படகு ஏறிவிடுங்கள். வெயிலும் இருக்காது, பறவைகளும் இருக்கும். படகுக்குச் சொல்கிற விலையில் பேரம் உண்டு, எங்களுக்கு மூணில் ஒரு பங்கு குறைந்தது. லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் மட்டும் பேரம் வேண்டாம். போட்டோவுக்காக எல்லோரும் ஒரே பக்கம் சாயாதீர்கள். ஜூன், ஜூலையில் மழை பலமாக இருந்தால் ஆறும் கடலும் கோபமாக இருக்கும், வேறு நாள் பாருங்கள். மண் குளியலுக்கு முன் சர்க்கரை வியாதி, ரத்த அழுத்தம், ஆறாத புண், கர்ப்பம் எது இருந்தாலும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பழைய துணி ஒரு செட் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் கறை போகாது.

முடிந்தால் வீட்டில் இருக்கிற பெரியவர் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முழங்கால் வலிக்கும் என்பார்கள், நமக்கெதுக்கு என்பார்கள். விடாதீர்கள். பேக்கேஜில் வருகிற வழிகாட்டிக்குப் பறவை பெயர் தெரியும். தண்ணீர் எங்கேயிருந்து வந்தது, எங்கே போகாமல் நின்றது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பவர் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. தம்பியிடம் பேசினேன். பெண் கல்யாணத்துக்கு என் பங்கில் எவ்வளவு முடியும் என்று கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறேன். நடுகிற ஆள் கிடைப்பாரா என்று ஒரு வருஷம் பார்ப்பது என்று முடிவு. விளவங்கோடு பக்கம் யாருக்காவது அப்படி ஆள் தெரிந்தால் சொல்லுங்கள்.